லயன்ஸ் ரன்னிங் கேம பாத்து ஃபேன்டசி டீம் எடுக்குறவங்க பண்ற தப்புகள்

ஃபேன்டசின்னா அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஆடுற ஆளுங்கள டிராஃப்ட்ல பொறுக்கி நம்ம டீம் கட்றது, அவங்க நிஜ மேட்ச்ல ஆடுறத வச்சு நமக்கு பாயின்ட். 2023 டிராஃப்ட்ல ரன்னிங் பேக் (பந்த வாங்கிட்டு ஓடுறவரு) ஜமால் வில்லியம்ஸ் பேரு ரொம்ப நேரம் யாரும் எடுக்காம கெடந்துச்சு, அத பாத்ததும் எனக்கு லாட்டரி அடிச்ச மாதிரி ஒரு சந்தோஷம். பின்ன இருக்காதா, முந்தின வருஷம் 2022ல டெட்ராய்ட் லயன்ஸுக்கு ஆடி 17 ரஷ்ஷிங் டச்டவுன் (பந்தோட ஓடி எதிரணி கோல் லைன தாண்டுறது) போட்டவரு, மொத்த என்எஃப்எல்லயே அந்த வருஷம் அதுதான் டாப், பேரி சாண்டர்ஸ் 1991ல வச்ச 16ங்கிற டீம் ரெக்கார்டையே தாண்டிட்டாரு. 2023ல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு போயிருந்தாரு, அங்க இருந்த இன்னொரு ரன்னிங் பேக் கமாராவுக்கு முதல் 3 மேட்ச் சஸ்பென்ஷன் வேற, பந்து முழுக்க நம்மாளு கைலதான்னு கணக்கு போட்டு அமுக்கிட்டேன்.

ரெண்டாவது வாரமே தொடைல அடி. வருஷ கடைசில எண்ணி பாத்தா 106 கேரி (பந்த வாங்கி ஓடின தடவ), 306 யார்ட், 1 டச்டவுன். அந்த ஒண்ணு வந்த கதை இன்னும் கொடுமை. 2024 ஜனவரி 7, கடைசி வாரம், ஃபால்கன்ஸ பெரட்டி எடுத்தாச்சு, முட்டி போட்டு நேரத்த ஓட்டிட்டு வாங்கடான்னு கோச் சொல்லி அனுப்புறாரு, ஆனா பசங்க நம்ம ஜமாலுக்கு இந்த வருஷம் ஒண்ணு கூட இல்லையேன்னு பாவப்பட்டு பந்த அவரு கைல குடுத்து 1 யார்ட்ல உள்ள தள்ளிட்டாங்க, 48-17. ஃபால்கன்ஸ் கோச் ஆர்தர் ஸ்மித் மேட்ச் முடிஞ்சு செம கடுப்புல செயின்ட்ஸ் கோச்ச திட்டினாரு. அவரு கடுப்பு ஒரு பக்கம், என் கடுப்பு வேற: அது 18வது வாரம், எங்க ஃபேன்டசி லீக் 17வது வாரத்துலயே முடிஞ்சு போச்சு.

சரி நான் எங்க கோட்ட விட்டேன்னா, டச்டவுன ஆளோட சொத்துன்னு நினைச்சேன். 2022ல அவரு ஓடினது 1,066 யார்ட், 10 யார்டுக்கு 1 பாயின்ட்னா சுமார் 106, டச்டவுன் 17க்கு ஆறு ஆறா 102, அதாவது ஓட்டத்துல வந்த பாயின்ட்ல பாதி டச்டவுன்தான், அதுலயும் பெரும்பாலானது கோல் லைனுக்கு ஒண்ணு ரெண்டு யார்ட்ல இருந்து வந்தது. சமைச்சது ஊரே சேந்து, எலைல பரிமாறினது மட்டும் இவரு. லயன்ஸ் ஆஃபென்ஸ் பந்த அங்க வரைக்கும் கொண்டு வந்து குடுத்துச்சு, முன்னாடி நின்னு எதிராளிங்கள தள்ளி வழி விடுற லைன் சுவத்த பேத்து குடுத்துச்சு. அவரு போனதும் அந்த நாற்காலி டெட்ராய்ட்லயே இருந்துச்சு, சிகாகோல இருந்து வந்த டேவிட் மான்ட்கோமரி அதுல உக்காந்து 2023ல 1,015 யார்ட், 13 டச்டவுன்னு அள்ளிட்டாரு. நான் ஆளு பின்னாடி ஓடினேன், நாற்காலி பின்னாடி போயிருக்கணும்.

அடுத்தது இந்த ஆவரேஜ் சண்டை, எங்க க்ரூப்புல வருஷா வருஷம் நடக்கும். அதே 2022 லயன்ஸ்ல டிஆண்ட்ரே ஸ்விஃப்டும் இருந்தாரு, 99 கேரி, 542 யார்ட், ஒரு கேரிக்கு 5.5. ஜமாலுக்கு 262 கேரி, ஆவரேஜ் 4.1 தான். உடனே ஒருத்தன் ஆரம்பிப்பான், மச்சி அந்த 262ஐயும் ஸ்விஃப்ட் கிட்ட குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமான்னு. ஒண்ணும் ஆயிருக்காது டா. ரெண்டு பேருக்கும் குடுத்த வேலையே வேற. 1 யார்ட் லைன்ல பந்து வாங்கி உள்ள போனா கெடைக்கிறது 1 யார்ட், ஆவரேஜ் செத்துச்சு, ஆனா ஃபேன்டசில 6 பாயின்ட். மூணாவது டவுன் (முயற்சி), ஒரு யார்ட் வேணும், எதிர்ல எட்டு பேரு அடைச்சிட்டு நிக்குறான், அங்க 2 யார்ட் எடுத்தா அது நல்ல ஓட்டம். அதெல்லாம் இல்லாம திறந்த மைதானத்துல 99 தடவ மட்டும் ஓடினவன் ஆவரேஜ் அழகா இருக்கத்தான் செய்யும், நடுவுல ரெண்டு 50 யார்ட் ஓட்டம் விழுந்தாலே மொத்த நம்பரும் உப்பிரும்.

மொத்த யார்டும் இதே மாதிரி ஏமாத்தும். நஜீ ஹாரிஸ் பிட்ஸ்பர்க்ல 2021ல இருந்து 2024 வரைக்கும் நாலு வருஷமும் 1000 யார்ட் தாண்டினாரு, ஒரு மேட்ச் கூட லீவு போடல, மனுஷன் உழைப்பாளி, குறை சொல்ல மாட்டேன். ஆனா 1000ஐ 17 மேட்ச்சுக்கு வகுத்து பாருங்க, 59 யார்ட் கூட வரல, அதாவது வாரத்துக்கு 6 பாயின்ட்.

இன்னொரு தப்பு, நல்லா ஓடுற டீம்னா அங்க இருக்குற ரன்னிங் பேக்கும் கண்டிப்பா நல்லதுன்னு முடிவு பண்றது. இதுக்கும் நம்ம ஸ்விஃப்ட்தான் சாட்சி, பாவம். லயன்ஸ் அவர 2023ல ஈகிள்ஸுக்கு தள்ளி விட்டுச்சு, லீக்லயே பேர் போன லைன் அது, 1,049 யார்ட் ஓடினாரு, டச்டவுன் வெறும் 5. மிச்சம் எங்கன்னா குவாட்டர்பேக் (பந்த முதல்ல கைல வாங்கி ஆட்டத்த நடத்துறவரு) ஜேலன் ஹர்ட்ஸ் கிட்ட, 15. பின்னாடி நிக்குறவங்க முதுகுல கைய வச்சு தள்ளி விடுற அந்த ப்ளே இருக்குல்ல, கோல் லைன் கிட்ட வந்தா பந்து ஹர்ட்ஸ் கைய விட்டு வெளிய வராது. டெட்ராய்ட்ல ஜமால் புடுங்கினாரு, இங்க ஹர்ட்ஸ் புடுங்கினாரு.

அடுத்த வருஷம் அதே ஈகிள்ஸுக்கு வந்த ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி எப்டி தப்பிச்சாருன்னு கேப்பீங்க. 2024ல ஹர்ட்ஸ் 14 போட்டும் சேக்வானுக்கு 2,005 யார்ட், 13 ரஷ்ஷிங் டச்டவுன் வந்துச்சு, ஏன்னா அவரு கோல் லைன் வரைக்கும் காத்திருக்கல, ராம்ஸ் மேட்ச்ல மட்டும் 70 யார்ட் ஒண்ணு, 72 யார்ட் ஒண்ணு, மொத்தம் 255. ஆனா அதே மனுஷன் முந்தின வருஷம் ஜயன்ட்ஸ்ல 962 யார்ட், கேரிக்கு 3.9. ஒரே வருஷத்துல காலு புதுசா மொளைச்சிடல, முன்னாடி ஈகிள்ஸ் லைன்ல மைலாட்டாவும் லேன் ஜான்சனும் நின்னாங்க, லைன் கோச்சா ஸ்டவுட்லேண்ட் இருந்தாரு. அதனாலதான் நான் இப்பல்லாம் டிராஃப்டுக்கு முன்னாடி ரன்னிங் பேக் வீடியோ பாக்குறத விட்டுட்டு லைன்ல யாரு போனா யாரு வந்தான்னு பாக்குறேன். 2025 லயன்ஸயே எடுத்துக்கோங்க, லைன்ல சென்டரா நின்ன ஃப்ராங்க் ரேக்னோ ரிட்டயர் ஆயிட்டாரு, பக்கத்துல கார்டா நின்ன கெவின் ஸைட்லர் டென்னஸி போயிட்டாரு, எந்த ப்ளே ஆடணும்னு முடிவு பண்ணி சொன்ன பென் ஜான்சன் சிகாகோக்கு ஹெட் கோச்சா போயிட்டாரு, புதுசா வந்த கோஆர்டினேட்டர் ஜான் மார்ட்டன் கிட்ட இருந்து ப்ளே காலிங்க நவம்பர்ல லயன்ஸ் ஹெட் கோச் டேன் கேம்ப்பெலே வாங்கிக்கிட்டாரு. இவ்வளவு மாறின பிறகும் 2024 நம்பர வச்சு சண்ட போட்டவங்கள என்ன சொல்றது.

ஒரே டீம்ல ரெண்டு ரன்னிங் பேக் பங்கு போட்டா ரெண்டுமே வேஸ்ட்னு சொல்றவங்களும் உண்டு. லயன்ஸ்ல கிப்ஸும் மான்ட்கோமரியும் சோனிக், நக்கிள்ஸ்னு பேரு வச்சுக்கிட்டு ஜோடியா ஆடுனாங்க. 2024ல கிப்ஸ் 1,412 யார்ட், எல்லாம் சேத்து 20 டச்டவுன், அப்பவும் மான்ட்கோமரிக்கு 14 மேட்ச்ல 12 மிச்சம் இருந்துச்சு. பங்கு எத்தன பேருக்குங்கிறது இல்ல கேள்வி, சட்டி எவ்ளோ பெருசு, கோல் லைன் யாருக்கு, கேட்ச் யாருக்குன்னு பாக்கணும். கிப்ஸ் அந்த வருஷம் புடிச்ச கேட்ச் 52, பிபிஆர் (கேட்ச்சுக்கு 1 பாயின்ட்) லீக்னா அதுக்கே 52 பாயின்ட், கேட்ச்சுக்கு பாயின்ட் இல்லாத லீக்னா பூஜ்யம். தன் லீக் ரூல படிக்காமயே ரேங்க் லிஸ்ட் இறக்கி வச்சுக்கிட்டு டிராஃப்டுக்கு வர்றவன் எங்க லீக்ல இன்னும் மூணு பேரு இருக்கான், நல்லா இருக்கட்டும்.

பங்காளிக்கு அடி பட்டா என்ன ஆகும்னும் யோசிச்சு வைக்கணும். 2024 டிசம்பர் 15 பில்ஸ் மேட்ச்ல மான்ட்கோமரிக்கு முட்டி போச்சு, அடுத்த ரெண்டு வாரமும், அதாவது ஃபேன்டசி செமியும் ஃபைனலும், கிப்ஸ் தனியாளா 100 யார்ட் தாண்டினாரு. கிப்ஸ் வச்சிருந்தவன் கிட்டதான் செமில தோத்து நான் வெளிய வந்தேன். அதுக்கப்புறம் வைக்கிங்ஸ் மேட்ச்ல கிப்ஸ் 4 டச்டவுன் போட்டாரு. அதுவும் 18வது வாரம்.