பழைய பென்ஸ் வாங்கும் முன் போனட்டைத் தொட்டுப் பாருங்கள்

நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் பென்ஸ் என்றால் லாரிதான். அப்பா லாரி மெக்கானிக். 1954இல் டாட்டாவின் டெல்கோவும் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸும் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டினார்கள். 15 வருட ஒப்பந்தம். 1969இல் அது முடிந்ததும் முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரத்தை எடுத்துவிட்டு 'டி' எழுத்தை வைத்தார்கள். ஊர் வாயில் மட்டும் பென்ஸ் போகவில்லை. நான் ஸ்பேனர் பிடிக்கப் பழகிய காலத்திலும் டிரைவர்கள் "நம்முளுது பென்ஸ் வண்டிங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த நட்சத்திரங்களில் ஒன்று இப்போது கோவையில் என் ஒர்க்‌ஷாப் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

எனக்கு வாரம் ஒரு போனாவது வரும். "அண்ணா, ஒரு பென்ஸ் வந்திருக்குதுங்க. பழைய ஆல்டோ விலைதான் சொல்றாங்க. முடிச்சுரலாமுங்களா?"

"எந்த வருசம்?" என்று கேட்பேன்.

"பென்ஸுங்ண்ணா" என்பார்கள், அதற்கு மேல் என்ன கேள்வி என்கிற மாதிரி.

அதற்கு மேல்தான் கேள்வியே. அந்தப் பேருக்கு எல்லா வருடமும் ஒரே மதிப்பு கிடையாது. கேட்பவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது டபிள்யூ 124 என்கிற மாடலைத்தான். அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

பேர் வந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் வண்டியைப் பார்க்கும் கண்ணே மாறும். கார்ல் பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹைம் ஊரில் தொழில் நடத்தியவர். தன் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, வீட்டுக்காரரிடம் சொல்லாமல், மகன்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வழியில் எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கினார். லைன் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். கட்டை பிரேக் தேய்ந்ததும் செருப்பு தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். நாம் இன்று மாற்றுகிற பிரேக் லைனிங்குக்கு அதுதான் ஆரம்பம். என்னைக் கேட்டால் இந்தக் கம்பெனியின் முதல் மெக்கானிக் அந்த அம்மாதான்.

'மெர்சிடிஸ்' வேறு வீட்டுப் பிள்ளை. கான்ஸ்டாட்டில் இருந்த டெய்ம்லர் கம்பெனியின் வண்டிகளை நீஸ் நகரத்துப் பணக்காரர்களுக்கு விற்ற எமில் யெல்லினெக் தன் மகள் பெயரை வைத்தார். 1926இல் இரண்டு கம்பெனியும் ஒன்றானது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான பேரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியதும் இந்தப் பேரோடு ஒட்டியதுதான். அவர்களே பின்னால் ஒத்துக்கொண்டார்கள்.

நாம் சொல்கிற 'பென்ஸ் மாதிரி உழைக்கும்' என்கிற பேர் போருக்கு அப்புறம் சம்பாதித்தது. மோதினால் முன்பக்கம் நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்று பேலா பாரென்யி என்ற எஞ்சினியர் 1951இலேயே காப்புரிமை பதிந்தார். 1959இல் அது காரில் வந்தது. 1978இல் பாஷ் கம்பெனியோடு சேர்ந்து ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது. ஸ்டுட்கார்ட் மியூசியத்தில் கிரேக்க நாட்டு டாக்சி ஒன்று இருக்கிறது, 240 டி. ஓடியது 46 லட்சம் கிலோமீட்டர். ஒரே எஞ்சினில் இல்லை, மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடுகிறது. எனக்கு அதுதான் பெருமை: எஞ்சினை மாற்றி மாற்றி ஓட்டுகிற அளவுக்கு பாடி தாங்கியிருக்கிறதே.

அந்தக் காலத்தில் வண்டியை எப்படிக் கட்ட வேண்டுமோ அப்படிக் கட்டிவிட்டு அப்புறம் விலை போட்டார்கள். 1989இல் ஜப்பான்காரர்கள் லெக்சஸைக் கொண்டுவந்ததும் கணக்கு மாறியது. அடுத்து 1995இல் வந்த டபிள்யூ 210 துருவுக்குப் பேர் போனது. 1997இல் சுவீடன் பத்திரிகை ஒன்றின் சோதனையில் புது ஏ கிளாஸ் கவிழ்ந்தது. வண்டிகளைத் திரும்ப அழைத்து, சறுக்காமல் பிடிக்கிற இஎஸ்பி மாட்டிக் கொடுத்தார்கள். டபிள்யூ 124 இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்கிற வண்டி. 1984 கடைசியில் ஜெர்மனியில் இறங்கியது. 1995இல் பென்ஸ் கம்பெனி புனேயில் முதன்முதலாகக் கட்டிய காரும் இதுதான். கம்பெனியின் கெட்டியும் சறுக்கலும் ஒரே மாடலில் இருக்கிறது. எது உங்கள் கைக்கு வருகிறது என்பதுதான் விஷயம்.

வருடத்தை வண்டியே சொல்லும். கிரில் தனி குரோம் சட்டத்தில் இருந்து, அதன் தலையில் நட்சத்திரம் நின்றால் 1993க்கு முந்தையது. கிரில் போனட்டோடு சேர்ந்து, நட்சத்திரம் போனட் மேல் தள்ளி நின்றால் பிந்தையது. டிக்கி எழுத்தையும் பாருங்கள். பழையதில் எண் முதலில் வரும்: 230 இ. புதியதில் எழுத்து முதலில்: இ 220. 'இ 230' என்று எழுத்து ஒட்டிய 124 வந்தால் யாரோ கடையில் வாங்கி ஒட்டியது. அந்தப் பேர் 210க்குத்தான் உண்டு. ஜெர்மனியில் கட்டியதென்றால் சேசிஸ் நம்பர் டபிள்யூடிபி 124 என்று ஆரம்பிக்கும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புத் தகட்டில் அது பொறித்திருக்கும். ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க." காலையில் போய் முதல் வேலையாக போனட்டில் கையை வையுங்கள். ஈரோடு பக்கம் ஒரு புரோக்கர், நான் வருவது தெரிந்து போனட்டில் தண்ணீர் ஊற்றித் துடைத்தே வைத்திருந்தார். மேலே ஜில்லென்று இருந்தது. ஆனால் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். திறந்து ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்தேன், சுட்டது. "இப்பத்தாங்க டீ குடிக்கப் போயிட்டு வந்தேன்" என்றார். நானும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

டீசல் என்றால் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அடிக்கிற இந்தப் பச்சை ஸ்டார்ட்தான் பாதிப் பரீட்சை. சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்து, அப்புறம் அடியுங்கள். புனே டீசல் 5 சிலிண்டர், 5 ஹீட்டர் பிளக். ஒன்று செத்திருந்தால் கொஞ்ச நேரம் நொண்டும். அது சின்னச் செலவு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே கசிகிறது. பேசாமல் வீட்டுக்குப் போகலாம். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். முதல் சில நொடிக்கு மேலும் கரகரவென்று சத்தம் போட்டால் விலையில் கழியுங்கள்.

அணைக்கும்போதும் கவனியுங்கள். இந்த டீசலை நிறுத்துவது கரண்ட் இல்லை, வாக்யூம். சாவியைத் திருப்பியும் இரண்டு மூன்று நொடி ஓடிவிட்டு நின்றால் எங்கோ காற்று கசிகிறது. டேஷ்போர்டுக்குள் ஏசி காற்றைத் திருப்புகிற பாட் என்கிற சின்ன டப்பாக்களும் அதே வாக்யூமில்தான் வேலை செய்கின்றன. கசிவைத் தேடுவது கண்கட்டு வித்தை மாதிரி, பாதி நாள் போய்விடும். பயப்பட வேண்டாம். பேரம் பேசப் பயன்படுத்துங்கள்.

ஆயில் கேஜைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. சூடான எஞ்சின் ஐடிலில் முள் இறங்கத்தான் செய்யும். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் 3க்குத் தாவினால் போதும். நான் கவலைப்படுவது, முள் மெதுவாக ஏறினால்தான்.

பெட்ரோல் வண்டிக்கு வேறு வியாதி. 1993 முதல் 1995 வரையிலான பெட்ரோல் எஞ்சின்களின் வயரிங் செட்டுக்கு மண்ணில் மக்கக்கூடிய மேல் உறை போட்டார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணம். அது மண்ணுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை, எஞ்சின் சூட்டிலேயே மக்கிவிட்டது. பார்ப்பது சுலபம். எஞ்சினை அணைத்து, இன்ஜெக்டருக்குப் போகிற வயரின் கனெக்டர் ரப்பரை மெல்லப் பின்னால் தள்ளுங்கள். உள்ளே இருக்கிற மெல்லிய வயரை நகத்தால் லேசாக வளையுங்கள். நல்லதென்றால் ரப்பராக வளையும். கெட்டதென்றால் நாள்பட்ட முறுக்கு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். இரண்டு வயர் தொட்டுக்கொண்டால் கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும். ஏற்கெனவே மாற்றியாச்சு என்று விற்பவர் சொன்னால், புது செட்டில் தயாரித்த தேதி லேபிள் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். டேப் சுற்றியதெல்லாம் மாற்றிய கணக்கில் வராது.

துருவுக்கு ஒரு காந்தமும் டார்ச்சும் போதும். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கிற நான்கு ஓட்டைகளின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடியுங்கள். 1989க்குப் பிறகு பக்கவாட்டில் பிளாஸ்டிக் பலகை ஒட்டியிருப்பதால் துரு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். முன் மட்கார்டு, பேட்டரி தட்டு, கதவின் அடி விளிம்பு ஆகிய இடங்களில் காந்தம் ஒட்டவில்லை என்றால் டிங்கரிங்காரர் பட்டி போட்டு மூடியிருக்கிறார். நான் ஒரு தடவை எல்லாம் பார்த்துவிட்டு, கால் மிதியைத் தூக்கிப் பார்க்க மறந்து, ஒரு வாடிக்கையாளருக்கு ஓகே சொல்லிவிட்டேன். கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் நின்று தரை அப்பளம் ஆகியிருந்தது. முழுக்க என் தப்பு, வெல்டிங் கூலி வாங்கவில்லை. கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள், கை ஈரமானால் முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடிகிற வழியில் இலை அடைத்திருக்கலாம்.

கிலோமீட்டரை நம்ப வேண்டாம். யாரும் குறைக்காவிட்டாலும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து மீட்டர் நின்றுபோவது இந்த மாடலில் சகஜம். ஓட்டும்போது கடைசி எண் நகர்கிறதா என்று பாருங்கள். பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட் ஓரமும் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒற்றை வைப்பரை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். அவசியத்துக்கு இல்லை, ரசிக்க. ஒரே கை, ஓரத்துக்குப் போகும்போது நீளும், நடுவில் குறுகும். கண்ணாடியில் 86 சதவீதம் துடைக்கும். ஒரு வைப்பருக்கு இவ்வளவு மூளை செலவழித்த காலம் அது. கிரீஸ் காய்ந்தால் முனகும். கழற்றிப் பூசினால் சரியாகிவிடும்.

ஆட்டோ கியர் வண்டி கிளம்பும்போது சோம்பலாக இருந்தால் கியர்பாக்ஸ் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பழைய 4 ஸ்பீடு பெட்டி சாதாரணமாக இரண்டாவது கியரிலேயேதான் கிளம்பும். ரிவர்ஸ் போட்டதும் உடனே பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் கஸ்டம்ஸ் பேப்பர், வெளிமாநிலம் என்றால் என்ஓசி, இரண்டையும் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டெல்லியில் பழைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு மலிவாக நிறைய தெற்கே இறங்குகின்றன. பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பார்ட்ஸ் கிடைக்குமா என்பதுதான் எல்லாருடைய பயமும். கிடைக்கும். பாகத்தின் எண்ணில் 'ஏ'வுக்கு அடுத்த மூன்று இலக்கம் எந்த மாடலுக்காகச் செய்தது என்று சொல்லும், 124 என்றிருந்தால் நம்முடையது. லெம்ஃபோர்டர், பாஷ், சாக்ஸ் போன்றவர்கள்தான் கம்பெனிக்கே செய்து கொடுப்பவர்கள். அதையே அவர்கள் டப்பாவில் வாங்கினால் விலை குறையும். சில பாகங்களில் நட்சத்திரம் இருந்த இடத்தை உரசி எடுத்த தடம்கூடத் தெரியும். வண்டி விலையில் பாதியாவது தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள், முதல் வருடமே தேவைப்படும்.

வாங்கி வந்ததும் முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை விட்டுவிடாதீர்கள். ஏசியை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கேஸ் போட்டும் மறுபடி குறைந்தால் எவாப்பரேட்டர்தான். அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், நாலைந்து நாள் வேலை. அந்த வேலையை மட்டும் மார்கழி, தை மாதத்தில் கொண்டு வந்துவிடுங்கள். சித்திரையில் வந்தால் ஷெட்டில் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.