முதல் கவிதைத் தொகுப்பு: மண்டபத்தைப் பிறகு பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் நூல் வெளியீடு இல்லாத மாதம் குறைவு. அவற்றில் நல்ல பங்கு முதல் கவிதைத் தொகுப்புகள். வாங்கிப் புரட்டிப் பார்த்தால் முந்திய தலைமுறையின் தொகுப்புகளில் கண்ட அதே குறைகள். அட்டை மட்டும் பளபளப்பாகியிருக்கிறது. சந்திப்பிழை, ண-ன-ந மயக்கம், ஆச்சரியக்குறியை மும்மூன்றாகப் போடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. ஒரு நல்ல தமிழாசிரியர் இரண்டு பின்னேரத்தில் அவற்றைத் திருத்தித் தந்துவிடுவார். காசும் பெயரும் சேர்ந்து போகிற பிழைகள் வேறு.

நாள் குறித்துவிட்டுப் புத்தகம் செய்வது

மற்றப் பிழைகளில் பாதி இதன் பிள்ளைகள். வழக்கமாக இப்படித்தான் தொடங்கும்: கனடாவிலிருந்து அண்ணன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், அச்சுச் செலவை அவர் பொறுப்பேற்கிறார், ஆகவே அவர் இங்கே நிற்கும்போதே விழா. மண்டபம் எடுத்தாயிற்று, பிரதம விருந்தினர் சம்மதித்தாயிற்று, அழைப்பிதழும் அடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் கவிதைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். முகநூலில் கொஞ்சம், வட்ஸ்அப்பில் கொஞ்சம், பழைய கொப்பியில் கொஞ்சம். அச்சகத்துக்குப் போய், “அண்ணை, அடுத்த மாதம் பதினெட்டுக்கு மண்டபம் எடுத்தாச்சு, எப்பிடியும் முடிச்சுத் தாங்கோ” என்று கேட்கிறார்கள். திருவிழாவின் 25 நாளும் அதையொட்டிய கிழமைகளும் அச்சகக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். அவரும் “பாப்பம்” என்பார். அதை உறுதிமொழி என்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அடிபடுவது தேர்வு. 96 பக்கத் தொகுப்பில் முன்பக்கங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு போனால், கவிதைக்கு எண்பத்தைந்து பக்கம் மிஞ்சும். நாற்பத்தைந்து கவிதைகள் தாராளமாக மூச்சுவிடும் இடம் அது. அவசரத்தில் எழுதிய அறுபத்தெட்டும் உள்ளே போகின்றன. ஒரே படிமம் நான்கு கவிதைகளில் வருவதை யாரும் கவனிப்பதில்லை. எல்லாக் கவிதைகளையும் தாளில் எடுத்து, தரையில் பரப்பி, ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் அது ஒரே நாளில் தெரிந்துவிடும். அந்த ஒரு நாள்தான் கிடைப்பதில்லை.

அடுத்தது எழுத்துரு. பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், புதியவை யுனிகோட்டில். இரண்டையும் கலந்து கொடுத்தால் வடிவமைப்பாளர் ஒரு மாற்றியில் போட்டு ஒன்றாக்குவார். தாளில் பார்க்க எல்லாம் சரி. ஆனால் பாமினிக் காலத்துத் தட்டச்சில் ‘ர்’ போட ரகரத்துக்குப் பதில் அரவும் (கால்) குற்றும் (புள்ளி) அடிக்கும் பழக்கம் இருந்தது. மாற்றிய பின்னும் அது அப்படியே கிடக்கும்: ‘அவர்’ என்று தெரிவது உள்ளே ‘அவா்’, ‘மாரி’ என்று தெரிவது ‘மாாி’. மின்னூலாக்கினாலோ இணைய நூலகத்தில் ஏற்றினாலோ தேடலில் அந்தச் சொல் அகப்படாது. அரவு+குற்று, அரவு+விசிறி (இகர, ஈகாரக் குறி) என்ற சேர்க்கை சரியான தமிழில் எங்கும் வராது. ஆகவே ‘ா்’, ‘ாி’, ‘ாீ’ மூன்றையும் தேடி ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ என்று மொத்தமாக மாற்றலாம், பயமில்லை. ஔகாரத்தில் அப்படிச் செய்யக்கூடாது. ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ ஆகியிருக்கும், அதாவது ஒற்றைக்கொம்பும் தனி ளகரமும். இதை மொத்தமாக மாற்றினால் வெள்ளமும் தெளிவும் கெட்டுப்போகும். மௌ, கௌ, பௌ, சௌ என்று தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்த வேண்டும். நம் கவிதைகளில் மௌனம் இல்லாத பக்கம் குறைவென்பதால் வேலை கொஞ்சம் இருக்கும்.

மூன்றாவது, வரி. தொலைபேசித் திரையில் எழுதிய வரி அச்சில் அதே இடத்தில் முறியாது. 1/8 டெமி அளவு ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். ஓரங்கள் போக எழுத்துக்கு நாலு அங்குலம் வரும். 11 புள்ளியில் ஐந்தாறு சொல் வசதியாகப் பிடிக்கும். அதற்கு மேல் போகிற வரியைக் கணினி தன் விருப்பத்துக்கு மடித்துவிடும். வாசகருக்கு அது கவிஞர் முறித்த வரியா, தாள் போதாமல் மடிந்த வரியா என்று தெரியாது. எழுத்தை 9 புள்ளியாகச் சிறுப்பிப்பது தீர்வல்ல. மடிந்த பகுதியை இரண்டெழுத்து அகலம் உள்ளே தள்ளச் சொல்லுங்கள், தொகுப்பு முழுவதும் ஒரே அளவில். பக்க முடிவில் பத்தியும் முடிகிற இடங்களைக் குறித்துக் கொடுங்கள். அடுத்த பக்கத்தில் புதுப்பத்தி தொடங்குகிறதா, பழையது தொடர்கிறதா என்பதை அச்சு தானாகச் சொல்லாது. முடிந்தால் ஒரு வரியை முன்னோ பின்னோ நகர்த்தி, பத்தியின் நடுவில் பக்கம் திரும்பும்படி செய்யலாம்.

பிறகு புறூவ், அதாவது பிழை பார்க்க எடுக்கும் அச்சுப்படி. நாள் நெருக்கினால் ஒரு புறூவ்தான், அதுவும் வட்ஸ்அப்பில் வந்த பி.டி.எவ்., அதுவும் பஸ்ஸில் பார்த்தது. தேவை மூன்று. முதல் புறூவை அசல் அளவில் தாளில் எடுத்து, ஒருவர் கைப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புறூவில் விரலை வைத்துத் தொடர வேண்டும். விரல் வைக்கிறவர் கவிஞராக இருக்கக்கூடாது. அவருக்கு விடுபட்ட சொல்லும் தெரியும், கண் தானாக நிரப்பிக்கொண்டு போய்விடும். வாசிக்கிறவர் வரிமுறிவையும் பத்தி இடைவெளியையும் வாயால் சொல்ல வேண்டும். இரண்டாம் புறூவில் திருத்தச் சொன்ன இடமும் அதன் மேலும் கீழும் உள்ள வரிகளும் மட்டும்: ஒரு எழுத்தைத் திருத்தப் போய் அடுத்த வரியைத் தட்டிவிடுவது தட்டச்சில் சாதாரணம். மூன்றாவது, மடித்து வைத்த மாதிரிப் புத்தகம். அதில் கவிதையை வாசிக்காதீர்கள். பக்க எண், உள்ளடக்கத்தில் உள்ள தலைப்பு, கவிதையின் மேல் உள்ள தலைப்பு, முதுகில் உள்ள பெயர் என்பவற்றை மட்டும் பாருங்கள். உள்ளடக்கத்தில் ஒரு பெயரும் உள்ளே வேறு பெயரும் உள்ள கவிதை பல தொகுப்புகளில் இருக்கிறது. கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றி, ஓரிடத்தில் மட்டும் திருத்தியதன் விளைவு.

கடைசியாகக் கட்டு. சூடான பசையில் ஒட்டும் முதுகு ஒரு முழுநாளாவது பாரத்தின் கீழ் ஆற வேண்டும். லமினேற் செய்த அட்டைக்கும் அது தேவை, இல்லாவிட்டால் சுருளும். ஒரு விழாவில் வரவேற்புரை முடிகிற நேரத்தில்தான் புத்தகக் கட்டு முச்சக்கரவண்டியில் வந்திறங்கியது. முதற்பிரதி பெற்றவர் படமெடுப்பதற்காக விரித்துப் பிடித்தார், நடுவில் நாலு தாள் கையோடு வந்தது. ஆய்வுரை சொல்ல வந்தவர் முதல்நாள் இரவு தொலைபேசியில் பார்த்த பத்துக் கவிதைகளை வைத்து இருபது நிமிடம் சமாளித்தார். அந்தத் தொகுப்பைப் பற்றி இந்த ஊரில் பேசப்பட்டது அவ்வளவுதான். அடுத்த கிழமை வேறொரு புத்தகம் வந்துவிட்டது.

கணக்கை விழாவிலிருந்து பின்னோக்கிப் போடாமல் கையெழுத்துப் பிரதியிலிருந்து முன்னோக்கிப் போடுங்கள். கவிதைகளைத் தெரிவுசெய்து அடுக்கிய பின் ஒரு மாதம் தொடாமல் வைத்தல். முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய இரண்டு வாசகர்களுக்கு இன்னொரு மாதம். தட்டச்சுக்கும் எழுத்துரு மாற்றத்துக்கும் இரண்டு கிழமை. மூன்று புறூவுக்கு ஒரு மாதம். அச்சுக்கும் கட்டுக்கும் மூன்று கிழமை. கட்டிய புத்தகம் பேச்சாளர் கையில் ஒரு மாதம். ஐந்து மாதத்துக்கு மேல் வருகிறது, ஆறென்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வரும்வரை பொறுக்க முடியாதென்றால் விழாவில்லாமல் புத்தகத்தை வெளியே விடலாம். அவர் அடுத்த வருடமும் வருவார்.

ஐந்து முன்னுரை

அணிந்துரை, ஆசியுரை, வாழ்த்துரை, மதிப்புரை, என்னுரை. ஒன்று போதும்.

ஆயிரம் பிரதி

ஓவ்செற் அச்சில் பிளேற் (அச்சுத்தகடு) செலவு 300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆயிரம் அடிக்கிறார்கள். விற்காத எழுநூறின் அடக்கவிலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடக்கும், ஒரு மாரிக்கு ஈரம் இழுக்கும், பிறகு கறையான். முதல் தொகுப்புக்கு 300 தாராளம். டிஜிற்றலில் 100 அடித்துப் பார்த்துவிட்டு, பிழை திருத்தி மறுபடி அடிப்பது இன்னும் புத்தி. பக்கத்தை 16இன் மடங்குக்குள் அடக்குங்கள்: 80, 96, 112. 98 பக்கம் வந்தால் மேலதிக இரண்டு பக்கத்துக்காக இன்னொரு போர்மின் (பதினாறு பக்கம் சேர்ந்த அச்சுத்தாள்) செலவு விழும். கவிதை ஒன்றைக் கழிப்பது மலிவு.

நடுவில் ஒழுங்குபடுத்திய கவிதை

கலியாண அழைப்பிதழுக்கு அது.

மேடையில் பத்துப் பேர்

மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை மூன்று, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நயவுரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும், பத்து நிமிடத்தில் முடிக்கிறவர் யார்? மூன்றரைக்குத் தொடங்க வேண்டியது நாலு மணிக்குத் தொடங்கும். தீவுப்பகுதிக்கும் வடமராட்சிக்கும் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்து ஐந்தரைக்கே எழும்புவார்கள். ஆய்வுரை தொடங்கும்போது முன்வரிசையும் உறவினரும்தான் மிச்சம். இத்தனைக்கும் நடுவில் தொகுப்பிலிருந்து ஒரு கவிதைகூட முழுதாக வாசிக்கப்படுவதில்லை. வாழ்த்துரை மூன்றையும் வெட்டி, அந்த இடத்தில் கவிஞர் மூன்று கவிதை வாசிக்கட்டும். ஆய்வுரையை முதற்பிரதிக்கு முன்னே போடுங்கள். பிரதி பெறக் காசு வைத்த என்வலப்போடு மேடைக்கு வர வேண்டியவர்கள் அதுவரை இருந்து கேட்பார்கள்.

கவிதையை விளக்கிவிட்டு வாசிப்பது

இலக்கியச் சந்திப்பில் தன் கவிதையை எடுத்தவுடன், எப்போது எழுதினேன், யாருக்காக எழுதினேன் என்று ஐந்து நிமிடம். அதன் பிறகு கேட்கிறவர்களால் அந்தக் கவிதையை அல்ல, அந்தக் கதையைத்தான் விமர்சிக்க முடியும். கதை சோகமாக இருந்தால் அதுவும் முடியாது. ஆறேழு பேர் போதும். பெயரில்லாமல் அச்செடுத்து ஆளுக்கொரு தாள். எழுதியவரல்லாத ஒருவர் வாசிக்கட்டும்: எந்த வரியில் அவர் நாக்குத் தடுக்குகிறதோ அங்கே ஒரு கோடு. எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. முகநூலில் வருகிற ‘அருமை’யை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தன் ஊர்க் கவிதையை வாசிக்காமல் எழுதுவது

சினிமாப்பாட்டும் அன்றன்றைய முகநூல் பதிவும் மட்டும் காதில் இருந்தால் அந்த ஓசைதான் பேனாவிலும் வரும். அளவெட்டியில் பிறந்த ஈழத்துக் கவிஞர் மஹாகவி (1927–1971) பேச்சோசையை யாப்புக்குள் எப்படி இருத்தினார் என்பதைச் சத்தமாக வாசித்துப் பார்க்காமல் புதுக்கவிதை எழுத வருகிறவருக்கு, எங்கே வரியை முறிப்பதென்பது கடைசிவரை ஊகம்தான். முருகையனையும் நீலாவணனையும் அதே மாதிரி வாயால் வாசியுங்கள். புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாட்டு இப்போது எடுபடாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்துத் தொகுப்புகளும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு கவிதையை அச்சிலிருந்து கையால் கொப்பியில் எழுதிப் பாருங்கள், வரிமுறிவு உட்பட. பத்துத் தடவை வாசித்தும் பிடிபடாதது அப்போது பிடிபடும்.

ஒரே பிரதி

1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்த ஊர் இது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளுக்குக் கணக்கே இல்லை. இந்த ஊரிலிருந்து எழுதுகிற பிள்ளை பத்து வருடக் கவிதைகளை ஒரே தொலைபேசியில் வைத்திருப்பதைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? மின்னஞ்சலில் ஒன்று, பென்றைவில் ஒன்று, தாளில் எடுத்து வேறொரு வீட்டில் ஒன்று.

ஐ.எஸ்.பி.என்.

புத்தகத்துக்கான இந்தச் சர்வதேச நூல் எண்ணுக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அப்படி இல்லையென்றால் யாருடைய எண்ணென்று கேளுங்கள். எண் வந்த பிறகு தலைப்பை மாற்றாதீர்கள். முதற்பதிப்பு மாதமும் ஆண்டும் புத்தகம் உண்மையில் வெளிவந்த மாதமாக இருக்கட்டும். டிசம்பரென்று அடித்து ஜனவரியில் கட்டி முடித்தால், பரிசுக்கு அனுப்பும்போது ஒரு வருடம் சும்மா போய்விடும்.

கடைக்கு வாய்ப்பேச்சில் கொடுப்பது

எத்தனை பிரதி, எத்தனை வீதம் கழிவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, விற்காததை யார் எடுத்துச் செல்வது என்ற நாலும் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒரு கடைக்கு முதலில் பத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். விற்று முடிந்தால் அவர்களே கேட்பார்கள். நிறையக் கொடுத்தால் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போகும், முதுகில் பெயரும் இல்லையென்றால் அங்கேயே கிடக்கும். 96 பக்கத்துக்கு முதுகு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர்தான் வரும். தலைப்பு நீளமென்றால் முதுகில் சுருக்கிப் போடச் சொல்லுங்கள், பெயரை விடாமல்.