ஆல்ட் ஷிப்ட் தட்டினால் சிங்களம் வருகிறதா? வேண்டாத ஷார்ட்கட்டை நிறுத்துவது இப்படித்தான்

ஹட்டனில் எங்கள் கொமியூனிகேஷனுக்குள், அதாவது கடிதம் டைப் செய்து கொடுக்கும் கடைக்குள், ஓர் ஐயா வந்தார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிக் காசு விஷயமாக ஒரு கடிதம் வேண்டும். அவர் சொல்லச் சொல்லத் துண்டில் எழுதிக்கொண்டு, பிறகு பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போய், கடிதத்தைக் கொடுக்க முடியாமல் வந்திருக்கிறார்.

"ஏம்புள்ள, நான் சொன்னது தமிழ்லதானே? கடைசி ரெண்டு வரி மட்டும் ஏன் சிங்களம்?"

சிங்களம் என்றுகூடச் சொல்ல முடியாது. சிங்கள எழுத்தில் ஓர் உளறல். பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அப்புறம் செமிகோலன். அதே ஐந்து பட்டனும் விஜேசேகர என்ற சிங்களக் கீபோர்ட் அடுக்கில் வ, ந, ச, த, த மாதிரி ஒலிக்கிற எழுத்துகளைப் போடும். நான் திரையைப் பார்க்காமல் துண்டைப் பார்த்து அடிக்கிற ஆள். நடுவில் விரல் ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்து பட்டிருக்கிறது. கீபோர்ட் மாறிவிட்டது, நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

சிங்களக் கீபோர்டைத் தூக்கிவிடலாமே என்பீர்கள். எங்கள் கடையில் முடியாது. காலையில் தமிழ்க் கடிதம், பத்து மணிக்குப் பிரதேச செயலகத்துக்குச் சிங்களக் கடிதம், பின்னேரம் இங்கிலிஷ் பயோடேட்டா. மூன்றும் வேண்டும், தானாக மாறத்தான் கூடாது.

இதற்கு முதலில் ஒரு மென்பொருளைத் தேடி ஒரு நாளை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். அந்த ஷார்ட்கட் விண்டோஸுடையது என்றால் அதை நிறுத்தும் சுவிட்சும் அநேகமாக விண்டோஸுக்குள்ளேயே இருக்கும். வெளி மென்பொருள் அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை: மொழி மாற்றும் பட்டன்களை நிறுத்துவது

ஸ்டார்ட் தேடலில் 'அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ்' என்று இங்கிலிஷில் அடியுங்கள். விண்டோஸ் 10க்கும் 11க்கும் செட்டிங்ஸ் பாதை வேறு வேறு, தேடினால் இரண்டிலும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்தில் 'இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ்' என்று ஓர் இணைப்பு. அதைத் தட்டினால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். 'பிட்வீன் இன்புட் லாங்குவேஜஸ்' என்ற வரியைத் தேர்ந்து, கீழே 'சேஞ்ச் கீ சீக்குவென்ஸ்' பட்டனை அழுத்துங்கள்.

இனித்தான் நான் சறுக்கிய இடம். திறக்கிற பெட்டியில் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் 'சுவிட்ச் இன்புட் லாங்குவேஜ்', வலப்பக்கம் 'சுவிட்ச் கீபோர்ட் லேஅவுட்'. நான் இடப்பக்கத்தில் மட்டும் 'நொட் அசைன்ட்' போட்டு, ஓகே கொடுத்து, நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். அடுத்த நாளும் கீபோர்ட் மாறியது. இந்த முறை சிங்களம் இல்லை. தமிழிலேயே நான் சேர்த்து வைத்திருந்த இரண்டாவது அடுக்குக்குத் தாவியிருந்தது. வலப்பக்கத்துப் பத்தியில் கொன்ட்ரோல் ஷிப்ட் அப்படியே உயிரோடு இருந்ததுதான் காரணம். வேர்டில் சொல் சொல்லாகத் தெரிவு செய்ய கொன்ட்ரோலையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறி தட்டுகிறோமே, அதில் அம்புக்குறியைத் தட்டாமல் கையை எடுத்தால் போதும், மாறிவிடும்.

ஆகவே இரண்டு பத்தியிலும் 'நொட் அசைன்ட்'. ஓகே கொடுத்த பிறகு முதல் பெட்டியில் 'அப்ளை' அழுத்தவும் மறக்க வேண்டாம்.

இதனால் வந்த ஓர் உபரி லாபம்: எக்செலில் மறைத்த நிரலைத் திரும்பக் கொண்டுவரும் கொன்ட்ரோல் ஷிப்ட் பூச்சியம் எனக்கு அதுவரை வேலையே செய்ததில்லை. எக்செலில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். அந்த வலப்பக்கத்துப் பத்தியை நிறுத்தியதும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்தப் பட்டன் சேர்க்கையை இவ்வளவு காலமும் விண்டோஸ் வழியிலேயே பறித்துக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, வேண்டும்போது எப்படி மாற்றுவது? அதே பெட்டியில் ஒவ்வொரு மொழிக்கும் தனி வரி இருக்கும். வரியைத் தேர்ந்து 'சேஞ்ச் கீ சீக்குவென்ஸ்', பிறகு 'எனேபிள்' கட்டத்தில் சரி அடையாளம். இடது ஆல்ட், ஷிப்டோடு 1 இங்கிலிஷ், 2 தமிழ், 3 சிங்களம் என்று வைத்திருக்கிறேன். கொன்ட்ரோலை எடுக்காதீர்கள். எண்ணோடு சேர்கிற கொன்ட்ரோல் ஷிப்ட் எக்செலுக்கு வேண்டும். பாமினிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பாமினி வெறும் எழுத்துரு, அதற்கு இங்கிலிஷ் கீபோர்ட்தான் ஓட வேண்டும். 2 யூனிகோட் தமிழுக்கு, அதாவது பாமினி இல்லாமலே தமிழாகத் தெரிகிற எழுத்துக்கு.

இரண்டாவது: ஷிப்ட் ஐந்து தடவை

அடுத்த வார்த்தையை யோசித்துக்கொண்டு ஷிப்டைத் தட்டிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஐந்து தட்டு தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டி வரும். வலது ஷிப்டை எட்டு விநாடி பிடித்திருந்தால் 'ஃபில்டர் கீஸ்'. செட்டிங்ஸில் 'அக்செஸிபிலிட்டி' (விண்டோஸ் 10ல் 'ஈஸ் ஒஃப் அக்செஸ்'), அதில் 'கீபோர்ட்' போய் இரண்டினதும் ஷார்ட்கட்டை ஓஃப் செய்யுங்கள். அவ்வளவுதான்.

தூங்க வைக்கும் பட்டன் உள்ள மலிவுக் கீபோர்ட்களுக்கும் இதே கதைதான். டிலீட் என்று நினைத்து ஸ்லீப்பைத் தட்டிவிடுவோம். கொன்ட்ரோல் பேனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்', 'சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ', அங்கே ஸ்லீப் பட்டனுக்கு 'டூ நத்திங்'. 2022ல் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்திலும் நானே கொம்பியூட்டரைத் தூங்க வைத்த கோபத்தில் கண்டுபிடித்தது இது.

மூன்றாவது: சுவிட்ச் இல்லாதவற்றுக்கு பவர்டாய்ஸ்

குரோமில் கொன்ட்ரோல் டபிள்யூ அழுத்தினால் டேப் மூடும். ஒன்லைன் விண்ணப்பம் ஒன்றை அரைவாசி நிரப்பிய நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொன்ட்ரோல் ஷிப்ட் டி (T) அழுத்தினால் டேப் திரும்பி வரும். நிரப்பியது அநேகமாக வராது. இதை நிறுத்த குரோமுக்குள் வழி இல்லை.

மைக்ரோசொஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் மென்பொருள்தான் என் தெரிவு. ஓட்டோஹொட்கீ என்ற மென்பொருளில் இன்னும் நிறையச் செய்யலாம், ஆனால் அதற்கு வரி வரியாக எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கிற பழைய முதலாம் பதிப்பு வரிகளை இரண்டாம் பதிப்பில் ஒட்டினால் அநேகமாகப் பிழைதான் வரும். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் இறக்கி, திறந்து, 'கீபோர்ட் மேனேஜர்' போய் ஒன் செய்யுங்கள். 'ரீமேப் எ ஷார்ட்கட்' திறந்து ஒரு வரி சேருங்கள். இடப்பக்கம் நீங்கள் விரலால் அழுத்துவது, வலப்பக்கம் கொம்பியூட்டருக்குப் போய்ச் சேர வேண்டியது. தலைகீழாகப் போட்டால் ஒன்றுமே புரியாது. இடப்பக்கம் கொன்ட்ரோல், டபிள்யூ. வலப்பக்கப் பட்டியலில் 'டிஸேபிள்'.

எந்த மென்பொருளுக்கு என்று கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டால் எல்லா இடத்திலும் செத்துவிடும். அங்கே புரோகிராமின் உள்பெயரைக் கொடுக்க வேண்டும். குரோமுக்கு குரோம் என்றே இங்கிலிஷில் அடிக்கலாம். எட்ஜுக்கு வெறும் எட்ஜ் என்று போட்டால் அசையாது. முன்னால் எம், எஸ் இரண்டு எழுத்தையும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். சந்தேகம் என்றால் டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த மாற்றம் எல்லாம் நிற்கும். விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும்படி அதன் 'ஜெனரல்' பக்கத்தில் ஒன் செய்து விடுங்கள். விண்டோஸ் பட்டனோடு எல் (L) சேர்வதையும் கொன்ட்ரோல் ஆல்ட் டிலீட்டையும் அதனால் தொட முடியாது.

பின்சேர்க்கை 1: பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, "அக்கா, ரெண்டு பக்கமும் நொட் அசைன்ட் போட்டேன், வேர்டில் மட்டும் இன்னும் மாறுது" என்று எழுதியிருந்தார். அது வேர்டின் சொந்த வேலை. வேர்ட் 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' பகுதியில், சுற்றியுள்ள எழுத்தின் மொழிக்கு ஏற்பக் கீபோர்டைத் தானாக மாற்றும் வரி ஒன்று இருக்கிறது. அதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இன்னொருவருக்கு மாறியது விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்ந்து பட்டதால். அதற்கு அந்தப் பழைய பெட்டியில் வழியில்லை, பவர்டாய்ஸில்தான் டிஸேபிள் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை 2: பழுதான பட்டனுக்கும் இதே பவர்டாய்ஸ் உதவும். ஜூன் மாத மழையில் எங்கள் கடைச் சுவரே வியர்க்கும். அப்படியொரு நாளில் கே பட்டன் படுத்துவிட்டது. பாமினியில் கே இல்லை என்றால் 'ம' இல்லை. 'அம்மா' என்றுகூட அடிக்க முடியாது. புதுக் கீபோர்ட் வாங்கக் கண்டிக்குப் போகும்வரை, 'ரீமேப் எ கீ' திறந்து கெப்ஸ் லொக்கைக் கே ஆக்கினேன். கெப்ஸ் லொக்குக்கு இனி இடமில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும், 'கன்டினியூ எனிவே' கொடுங்கள். ஷிப்டோடு அழுத்தினால் 'மு'வும் சரியாக வரும்.

இதைச் செய்த ஒருவருக்குப் பாஸ்வேர்டிலேயே கே இருந்திருக்கிறது. லொகின் திரையில் பவர்டாய்ஸ் வேலை செய்யாது, ஆள் வெளியே நின்றுவிட்டார். லொகின் திரையின் கீழ் மூலையில் அக்செஸிபிலிட்டி அடையாளம் இருக்கும். அதில் திரைக் கீபோர்டை எடுத்து மவுசால் தட்டி உள்ளே போகலாம். லொகினிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் ஷார்ப்கீஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. அது விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடும், ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அந்தக் கொம்பியூட்டரில் லொகின் பண்ணுகிற எல்லாருக்கும் மாறிவிடும். பலபேர் கை வைக்கிற கடைக் கொம்பியூட்டரில் நான் போடமாட்டேன்.

புதுக் கீபோர்ட் வந்ததும் பவர்டாய்ஸில் அந்த வரியை அழித்துவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். என் தம்பி ஒரு வாரமாக இங்கிலிஷில் கெப்ஸ் லொக் தட்டித் தட்டி, ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் ஒரு சின்னக் கே போட்டுக்கொண்டிருந்தான்.