புண்ணில் புழு வைத்துவிட்டதா? பினாயில் ஊற்றுவதற்கு முன்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கத்துக் கொட்டகைகளில் தரையும் காயாது, புண்ணும் காயாது. மூக்கணாங்கயிறு அறுத்த இடம், ஒடிந்த கொம்பு, பிறந்த கன்றின் தொப்புள், கோமாரி வந்த குளம்பிடுக்கு, நாய் கடித்த ஆட்டுத் தொடை, ஏன், உண்ணி கடித்த சின்னத் துளைகூடப் போதும். ஈ அதன் ஓரத்தில் ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல் வைத்துவிடும். ஒரு நாளுக்குள் பொரியும். வீட்டு ஈயின் புழு அழுகியதைத் தின்கிறது. கிரைசோமியா பெசியானா என்ற இந்த ஈயின் புழுவுக்கு உயிருள்ள சதைதான் தீனி. அதனால் புண் வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவில் இருக்க, உள்ளே விரல் முழுக்கப் போகும்.

மாடு ஓயாமல் ஓரிடத்தை நக்குகிறது, காலை உதறுகிறது, கிட்டப் போனால் ஒரு கெட்ட நாற்றம், ரத்தம் கலந்த நீர் சொட்டுகிறது. இப்படி இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். அரிசியைச் செங்குத்தாக நட்டு வைத்ததுபோல வால் நுனிகள் மட்டும் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி. அவைதான் புழுவின் மூச்சுத் துளைகள். தலை சதைக்குள் இருக்கிறது. மூச்சை அடைத்தால் புழு மேலே வரும். பினாயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றினால் சில புழு உள்ளேயே செத்து அழுகும், சில இன்னும் ஆழத்துக்குப் போகும், நல்ல சதையும் வெந்துபோகும். புழுவைவிட இந்த வைத்தியத்தால் பெரிதான புண்கள் ஏராளம்.

தேவையானவை: டர்பன்டைன் ஆயில், பஞ்சு, காஸ் துணி, முனை மழுங்கிய இடுக்கி, ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சு, கையுறை, உப்புத் தண்ணீர், ஒரு பழைய டப்பா. டர்பன்டைனை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். பெயிண்ட் கடையில் அதே பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலியச் சரக்கு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை கட்டாயம். இந்தப் புழு மனிதப் புண்ணிலும் வளரும்.

மாட்டைக் கம்பத்தோடு தலை ஒட்டக் கட்டி, ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். புண்ணைச் சுற்றி நான்கு விரல்கடை அகலத்துக்கு முடியைக் கத்தரியுங்கள். 5 மில்லி டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சைத் துளையில் வைத்து அடைத்து, 5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். பஞ்சை எடுத்ததும் புழுக்கள் நெளிந்து மேலே வரும். ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், நிதானமாக உருவுங்கள். உடம்பெல்லாம் திருகாணி மரைபோல முள் வளையங்கள் இருப்பதால் அவசரப்பட்டால் பாதியில் அறுந்துவிடும். பிறகு சிரிஞ்சால் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு போதும். மூலை முடுக்கில் இருக்கும் குட்டிப் புழுக்கள் இதில்தான் வெளியே வரும். கடைசியில் பொவிடோன் அயோடின், ஓரங்களில் வேப்பெண்ணெய்.

எடுத்த புழுவைக் கொட்டகை ஓரத்தில் வீசாதீர்கள். முற்றிய புழு மண்ணில் புகுந்து கூடு கட்டி, ஒரு வாரம் பத்து நாளில் ஈயாக வந்து நிற்கும். டப்பாவில் போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். புழு தானாகக் கொட்டிவிட்டது என்று நிம்மதி அடைபவர்களுக்கும் இதுதான் பதில். ஐந்தாறு நாள் தின்று முடித்ததும் அது விழத்தான் செய்யும். அதற்குள் அந்த நாற்றத்துக்கு அடுத்த ஈ வந்து முட்டை வைத்திருக்கும்.

மறுநாள் காலையில் புண்ணைத் திரும்பத் திறந்து பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் கண்ணில் படாத புழு அன்று தெரியும். தொடர்ந்து மூன்று நாள் பாருங்கள். சிவந்த புதுச்சதை தெரிந்த பிறகும் டர்பன்டைன் வைத்தால் அந்தச் சதை கருகும்.

கண், காது, வாய், பிறப்புறுப்பு, தொப்புள் ஆகிய இடங்களில் டர்பன்டைன் கூடாது. ஒடிந்த கொம்பிலும் ஊற்றாதீர்கள். வளர்ந்த மாட்டுக்குக் கொம்பின் பொந்து நெற்றி எலும்பின் அறையோடு சேர்ந்திருக்கும். ஊற்றியது மூக்கு வழியாக வந்து நுரையீரலுக்குப் போகலாம். இவற்றுக்கு மருத்துவர்தான். தமிழ்நாட்டில் 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் இருக்கிறது.

நாட்டு வைத்தியத்தில் சீத்தா இலை விழுதோ சூடம் கரைத்த தேங்காய் எண்ணெயோ முதல் நாள் மட்டும் வைப்பார்கள். எண்ணெயைச் சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சூடம் போடுங்கள், தீப்பிடிக்கும். புழு போன பின் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துத் தடவலாம். இது ஆற்றும் மருந்து. புழு எடுக்கும் வேலையை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஐவர்மெக்டின் ஊசி 1 சதவீத மருந்தில் 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கடியில். இளம்புழுவை அது நன்றாகக் கொல்லும். முற்றிய புழுவுக்கு அதை நம்பிவிட முடியாது, கையால்தான் எடுக்க வேண்டும். பாலில் கலந்து வருவதால் கறவை மாட்டுக்கு ஆகாது. எதற்கும் மருத்துவரைக் கேட்டே போடுங்கள்.

வராமல் தடுக்க எளிய இடம் தொப்புள்தான். வயிற்றிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே அறுத்து, டிங்சர் அயோடினில் முக்குங்கள். காயும்வரை தினமும் தடவுங்கள்.

ஆடு சளி ஒழுகித் தும்மிக்கொண்டே இருந்தால், வெயிலில் மூக்கைத் தரையில் புதைத்து மந்தையாக நின்றால், அது மூக்குப்புழு. அந்த ஈ முட்டை வைப்பதில்லை, பறந்தபடியே குட்டிப்புழுவை மூக்கில் விட்டுப் போகிறது. வெளியே எடுக்கப் புண் எதுவும் இல்லை, மருந்துதான் வழி. குதிரை வைத்திருப்பவர்கள் முன்னங்கால் முடியில் ஒட்டிய மஞ்சள் நிற முட்டைகளைத் தேடுங்கள். குதிரை அந்த இடத்தை நக்க நக்கப் புழு வாய்க்குப் போய், பிறகு இரைப்பைச் சுவரில் மாதக்கணக்கில் கவ்விக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினால் முட்டை போகாது. மழுங்கின கத்தியால் முடியோடு ஒட்டச் சுரண்டி, ஒரு தாளில் பிடித்து எரித்துவிடுங்கள்.