அம்மாவுடன் கடலோரம் இரண்டு நாள்: முதல்முறை அழைத்துப் போகிறவர்களுக்கு

வயதான அம்மாவையோ அப்பாவையோ இரண்டு நாள் கடலோரம் அழைத்துப் போக ஆசை வந்துவிட்டதா? எங்கே போவது என்று தேடுவதற்கு முன் ஒரு கணக்கை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கடலருகே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். நான் முதல்முறை போனபோது ஒரே நாளில் நான்கு இடம் பார்க்கத் திட்டம் போட்டிருந்தேன். மறுநாள் காலை அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. “நீ போயிட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்” என்றார். யாருக்காகப் போனேனோ அவரை அறையில் விட்டுவிட்டுத் தனியாகக் கடலைப் பார்த்தது இன்றும் உறுத்துகிறது.

படி 1: ஊரும் அறையும்

ஒரே ஊர், ஒரே அறை, இரண்டு இரவு. மூன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்கிற தூரமாகப் பாருங்கள். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நாலு அடி நடக்க வையுங்கள். உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும். காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும்.

அறையைப் படத்தில் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், போன் போட்டுப் பேசுங்கள். கடல் தெரியுமா என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும். வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படிக்கட்டு, லிஃப்ட் உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குமா, மணலுக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். குளியலறையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதில் தவறே இல்லை.

படி 2: மருந்துப் பை

எல்லா மாத்திரையும் இரண்டு நாளுக்குக் கூடுதலாக, உங்கள் கைப்பையில். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இன்சுலின் இருந்தால் வெயிலில் நிற்கும் காரில் விடவே கூடாது. சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் உடம்பில் நீர் சீக்கிரம் குறையும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயதாக ஆகத் தாகம் எடுப்பதும் குறைகிறது. “தண்ணி வேணுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும், கேட்காமல் கையில் கொடுத்துவிடுங்கள்.

படி 3: கடலின் நேரம்

பலரும் விட்டுவிடுகிற விஷயம் இது. பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம் (கரையில் கடல்நீர் மட்டம் ஏறி இறங்குவது) ஏறி, வற்றி, மறுபடி ஏறுவதற்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு நீர் வற்றியிருந்தால் நாளை 7:50-க்கு வற்றும். ஓத அட்டவணை இணையத்திலேயே கிடைக்கும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீர் வற்றியபின் தெரிகிற ஈர மணல்தான் வயதானவர்கள் நடக்க ஏற்ற தரை. மேலே இருக்கும் உலர்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும். பத்தே நிமிடத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும்.

படி 4: மணலில்

காலை 10 மணிக்குள் திரும்பிவிடுங்கள், மாலை 4-க்கு மேல் போங்கள். மதிய மணல் காலைச் சுட்டுவிடும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்தச் சூடே தெரியாது. அவர்களை எந்த நேரத்திலும் வெறுங்காலில் நடக்க விடாதீர்கள்.

தாழ்வான பீச் நாற்காலி வேண்டாம். உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. கைப்பிடி வைத்த, முழங்கால் உயர நாற்காலி ஒன்றை எடுத்துப் போங்கள். எழும்போது ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்புறம் எழட்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

அம்மாவுக்கு அலையில் கால் நனைக்க வேண்டும். கேட்கவே மாட்டார், ஆனால் கண் அங்கேயே இருக்கும். கடல் அமைதியாக இருந்தால் அழைத்துப் போங்கள், கணுக்கால் அளவுக்கு மட்டும். திரும்பிப் போகும் அலை குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். உடம்பு பின்னால் சாயும். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், காலைச் சற்று அகட்டி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடல் பக்கமாக நில்லுங்கள், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டாம். மூன்று அலை போதும். எங்கள் இரண்டாவது பயணத்தில் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடி ஐந்து எண்ணினார், நானும் தடுக்கவில்லை.

படி 5: நடுப்பகல்

எதுவும் வேண்டாம். சாப்பாடு, தூக்கம், ஜன்னலோரம் கொஞ்சம் பேச்சு. வெறுமனே கிடக்கிறோமே என்று நமக்குத்தான் தவிப்பாக இருக்கும், அவர்களுக்கு இல்லை. பழைய கதைகள் வருவதும் அப்போதுதான்.

படி 6: திரும்பும் நாள்

பெட்டியை முந்தைய இரவே கட்டிவிடுங்கள். காலையில் கடைசியாக ஒருமுறை கடலுக்குப் போய்வந்து, விரல் இடுக்கில் ஒட்டிய மணலைக் கழுவித் துடைத்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். மறுநாள் உங்களுக்கும் லீவு போட்டு வையுங்கள்.