கடல் காற்றாலைக்கு ஆதரவு திரட்ட: படகுத்துறையிலிருந்து தொடங்குங்கள்

கடலில் காற்றாலை வர வேண்டும் என்று பேசத் தொடங்கி எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா கடலுக்குப் போனவர். நான் படகு உரிமையாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நான் நடத்திய முதல் கூட்டம் காலை பதினோரு மணிக்கு. திரை கட்டி, படம் காட்டி, பருவநிலை மாற்றத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நம் பக்கம் இருந்தவர்கள். யாரிடம் பேச வேண்டுமோ அவர்கள் அந்நேரம் கடலில் இருந்தார்கள். கரையில் தங்கியிருந்த ஒரு பெரியவர் மட்டும் கடைசியில் எழுந்து, "கேபிள்ல என் வலை மாட்டிக் கிழிஞ்சா யாரும்மா பணம் கொடுப்பாங்க?" என்று கேட்டார். காற்றாலை மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரக் கடலடியில் போடும் கேபிளைத்தான் அவர் சொன்னார். என்னிடம் பதில் இல்லை.

அதனால் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்குங்கள். படகுகள் கரை சேர்ந்து, மீன் இறக்கி, வலையைச் சரிபார்க்கும் நேரத்தில் போய் உட்காருங்கள். துண்டறிக்கை கொண்டு போக வேண்டாம். கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவருடைய வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு அவரிடமே திரும்பிப் போங்கள். அப்படித் திரும்பிப் போவதுதான் முக்கியம். பெரியவரின் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் என்னிடம் பேசவே ஆரம்பித்தார்கள்.

அடுத்தது வரைபடம். கடல் ஆழம் குறித்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, மேலே கண்ணாடித்தாள் விரித்து, மீன்பிடி இடங்களைக் குறிக்கச் சொல்லலாம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். யாரும் பேனாவைத் தொடவில்லை. ஒரு படகோட்டிக்கு அவர் மீன் பிடிக்கும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) தான் மூலதனம். அதைப் பொது இடத்தில் யார் வரைந்து காட்டுவார்கள்? அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: "எந்த இடத்தில் காற்றாலை நின்றால் உங்களுக்குத் தொந்தரவு குறைவு?" உடனே பேனா நகர்ந்தது. இழுவலைக்காரர்களுக்கு ஒரு தாள், செவுள்வலைக்காரர்களுக்கு ஒரு தாள், தூண்டில்காரர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். ஒருவருக்கு வேண்டாத இடம் இன்னொருவருக்கு உயிர். துறைமுகத்துக்குப் போய்வரும் வழியையும், மாதத்துக்கு மாதம் இடம் மாறுவதையும் சேர்த்துக் குறியுங்கள். அந்தத் தாள்கள் அவர்களுடையவை. அவர்கள் சம்மதிக்காமல் எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள்.

இடம் முடிவாவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் முதலில் விஞ்ஞானிகளையும் மீனவர்களையும் சேர்த்து உட்காரவைத்து, கடலில் எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் ஒரு கடற்பரப்புத் திட்டத்தை 2010-ல் முடித்தது. அதன் பிறகு பிளாக் ஐலண்ட் அருகே ஐந்து காற்றாலைகள் நிறுவப்பட்டன. 2016-ல் மின்சாரம் தரத் தொடங்கின. அந்த நாட்டின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை அதுதான். பக்கத்து மாநிலத்தில் 2001-ல் அறிவிக்கப்பட்ட கேப் விண்ட், 130 காற்றாலைகளுக்கான திட்டம். பல வருடம் வழக்குகளில் இழுத்து, மின் விற்பனை ஒப்பந்தங்களையும் இழந்து, 2017-ல் கைவிடப்பட்டது. காரணங்கள் பல உண்டு. ஆனாலும் இடத்தை முதலில் குறித்துவிட்டு மக்களிடம் பிறகு போவது என்ன விலை கேட்கும் என்பதற்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நோட்டில் சேரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பண்ணைக்குள் மீன் பிடிக்கலாமா என்பது முதலில் வரும். இதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் பதில் இல்லை. பிரிட்டனில் கட்டுமானம் முடிந்த பண்ணைக்குள் பொதுவாகத் தடை இல்லை. பெல்ஜியத்தில் அனுமதி இல்லை. ஆகவே "எதுவும் மாறாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். உங்கள் கடலில் விதி என்ன என்று அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைப்பார்கள், புதைத்ததை யார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், வலை கிழிந்தால் எத்தனை நாளுக்குள் பணம், என்ன அத்தாட்சி கேட்பார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். நான் மேலே சொன்ன பிளாக் ஐலண்டிலேயே கரையோரக் கேபிள் மணலுக்கு மேலே தெரிய, மறுபடி புதைக்க வேண்டி வந்தது. இதை மறைக்காமல் சொல்வேன். 2024 ஜூலையில் அமெரிக்காவின் வைன்யார்டு விண்ட் என்ற கடல் பண்ணையில் காற்றாலை ஒன்றின் இறக்கை உடைந்து, துண்டுகள் நான்டக்கெட் தீவின் கரையில் ஒதுங்கியதையும் சொல்வேன். எதிர்ப்பவர் வாயிலிருந்து முதலில் கேட்டால் நாம் மறைத்தோம் என்று ஆகும். நாமே சொன்னால், "அப்படி நடந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குத் தகவல் வரும்?" என்ற நல்ல கேள்விக்குப் பேச்சு போகும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டால், காற்றாலையைத் தாங்கும் தூணைக் கடலடியில் அடித்து இறக்கும் நாட்களைப் பற்றித் தெளிவாகப் பேசுங்கள். அந்த அதிர்வு கடல்பன்றிகளை (ஓங்கில் போன்ற சிறு கடல் பாலூட்டிகளை) வெகுதூரம் விரட்டும். தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை போட்டு அதைக் குறைக்கலாம். ஜெர்மனியில் 750 மீட்டர் தூரத்தில், தூணை ஒருமுறை அடிக்கும் சத்தத்துக்கு 160 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வரம்பை நீங்களும் நிபந்தனையாகக் கேட்கலாம். காலம் முடிந்தால் யார் அகற்றுவார்கள் என்பதற்கு, உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையான டென்மார்க்கின் விண்டபி இருக்கிறது. 1991-ல் 11 காற்றாலைகளுடன் தொடங்கி, 2017-ல் முழுதாகக் கழற்றி எடுக்கப்பட்டது. அதற்கான பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

கரையில் வீடு உள்ளவர்களின் கவலை வேறு. கடலைப் பார்த்தால் என்ன தெரியும்? இதற்கு ஒரு ஸ்கேல் போதும். கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர். இறக்கை நுனி வரை 250 மீட்டர் உயரமுள்ள காற்றாலை 10 கிலோமீட்டர் தூரத்தில் நின்றால், ஸ்கேலில் ஒன்றரை சென்டிமீட்டர். 20 கிலோமீட்டரில் முக்கால். 40-ல் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அதிலும் அடிப்பகுதி பூமியின் வளைவில் மறைந்துவிடும். அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் அவர்கள் கையாலேயே அளக்கவிடுங்கள். சின்னத் தாளில் அச்சிட்ட படங்களை நம்பாதீர்கள், அவை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும். இரவில் சிவப்பு விளக்குகள் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

காட்சி பிடிக்கவில்லை என்றால் மாற்றக் கேட்கலாம், அது நடந்தும் இருக்கிறது. கோபன்ஹேகன் கரைக்கு எதிரே உள்ள மிடில்குருண்டனில் முதலில் திட்டமிட்டது 27 காற்றாலைகள், மூன்று வரிசை. மக்கள் கருத்துக் கேட்ட பிறகு 20 ஆக்கி, ஒரே வளைந்த வரிசையாக 2000-ல் நிறுவினார்கள். 40 மெகாவாட். அதில் பாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துடையது. 8,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கு வாங்கினார்கள். உள்ளூர்ப் பங்கு பற்றிப் பேச்சு எழுந்தால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

அனுமதிக்கு முன் அதிகாரிகள் மக்கள் கருத்தைக் கேட்கும் பொது விசாரணை நாள் வந்தால், அச்சடித்த ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து வாங்கி அனுப்பாதீர்கள். படிப்பவருக்கு அது ஒரே கடிதம்தான். ஐந்து பேர் தங்கள் சொந்த வார்த்தையில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். "ஆதரிக்கிறேன், இந்த நிபந்தனைகளோடு" என்று தொடங்கி, எழுத்தில் வாங்கிய பதில்களை இணைக்கட்டும். பேசும்போது கடலுக்குப் போகிறவர் முதலில் பேச வேண்டும். நாம் அவருக்குப் பின்னால். அவர் எதிர்த்துப் பேசினாலும் சரி. எங்கள் விசாரணையில் அந்தப் பெரியவர் எழுந்து, திட்டத்தை இன்னும் ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டு, வலைக்கான நிபந்தனையைத் தானே படித்தார். அது அனுமதி உத்தரவில் வார்த்தை மாறாமல் ஏறியது.

அனுமதி வந்ததும் பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். கட்டுமானம் தொடங்கும்போதுதான் அது அதிகம் வேண்டியிருக்கும். மீனவர்களோடு பேச நிறுவனம் ஓர் ஆளை நியமிக்க வேண்டும், அவருடைய தொலைபேசி எண் துறையில் ஒட்டப்பட வேண்டும், கட்டுமான இடத்துக்கு அருகே நின்று மற்ற படகுகளை எச்சரிக்கும் காவல் படகு வேலைக்கு உள்ளூர்ப் படகுகளை முதலில் கேட்க வேண்டும். எந்த நாள் எந்தப் பகுதியில் வேலை என்ற அறிவிப்பு, படகு புறப்படும் முன் கையில் இருக்க வேண்டும். நான் இப்போதும் மாதம் ஒருமுறை துறைக்குப் போய், அறிவிப்பு எத்தனை நாள் தாமதமாக வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.