பிராக் யூதர் பகுதிக்குப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகின் யூதர் பகுதியான யோசெஃபோவுக்கு நான் முதல்முறை போனது ஒரு சனிக்கிழமை. போன இடமெல்லாம் பூட்டு. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைவதில் தொடங்கி சனி இரவில்தான் முடியும். யூத அருங்காட்சியகத்தின் கட்டடங்கள் எதுவும் அன்று திறக்காது. எனக்குத்தான் இது தெரியவில்லை, ‘யூதர் பகுதி நடைச் சுற்றுலா’ என்று டிக்கெட் விற்றவர்களுக்குமா தெரியாது? இரண்டரை மணி நேரம் வெளியே நின்று சுவர்களைப் பார்த்தோம். கைடு சுவாரஸ்யமாகக் கதை சொன்னார். அந்தக் கதைகளில் பாதி நிற்காது என்பது அடுத்த முறை போனபோதுதான் தெரிந்தது.

எனவே முதலில் கிழமையைப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் யூதர்களின் புத்தாண்டும் அதையொட்டி வரும் பண்டிகைகளும் எந்தெந்தத் தேதியில் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை போனால் மாலைவரை இழுக்காதீர்கள். பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி போதும்: உள்ளே கூட்டிப் போவீர்களா? டிக்கெட்டில் ‘பழைய-புதிய’ என்று பெயர் கொண்ட ஜெப ஆலயமும் (யூதர்களின் வழிபாட்டு இடம்) சேர்த்தியா? அந்த ஆலயம் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது இல்லை, பிராக் யூத சமூகத்துடையது. ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்று சொல்லிவிட்டு அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்த தவறு, கற்பனையில் ஒரு பழைய கெட்டோவை, அதாவது யூதர்களை ஒதுக்கிவைத்த குடியிருப்பை, கட்டிக்கொண்டு போவது. இடிந்த சுவர், இருண்ட சந்து என்று தேடினால் கண்ணில் படுவது பாரீஸ் தெரு என்று பெயர் வைத்த அகலமான சாலையும், நம்மால் விலை கேட்கக்கூட முடியாத கைப்பைக் கடைகளும்தான். சுற்றுலாப் பயணிகள் ஏமாந்துபோய், ‘எல்லாவற்றையும் நாஜிகள் இடித்துவிட்டார்கள் போல’ என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். இடித்தது நகராட்சி. சுகாதாரக் கேடு என்று காரணம் காட்டி, 1893இல் வந்த சட்டத்தைக் கொண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலான வீடுகளைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மிஞ்சியவை ஆறு ஜெப ஆலயங்கள், பழைய கல்லறைத் தோட்டம், யூதர் நகர மன்றம், இன்னும் ஓரிரண்டு. நகர மன்றத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள், அந்த மொழி வலமிருந்து இடம் போவதால் முட்களும் எதிர்த்திசையில் சுற்றும்.

ஸ்பானிய ஜெப ஆலயத்தை ஸ்பெயின்காரர்கள் கட்டவில்லை. 1868இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் மூரிய பாணி (பழைய ஸ்பெயினின் முஸ்லிம் கட்டடக் கலை) வேலைப்பாட்டால் வந்த பெயர் அது.

கோலெம் கதையை எப்படியும் சொல்வார்கள். ரபி லோவ் என்ற யூத மதகுரு களிமண்ணில் கோலெம் என்ற மனிதனைச் செய்து உயிர் கொடுத்தார், அவன் இன்னும் பழைய-புதிய ஜெப ஆலயத்தின் பரணில் கிடக்கிறான் என்று. கதை என்று ரசிப்பதில் தப்பில்லை. ஆனால் ரபி லோவ் 1609இல் இறந்த உண்மையான அறிஞர். அவரையும் கோலெமையும் முடிச்சுப் போட்டது 19ஆம் நூற்றாண்டு. பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, 1270 வாக்கில் கட்டி, நாஜி ஆக்கிரமிப்புக் காலம் தவிர இன்றுவரை வழிபாடு நடந்துவரும் ஒரு கட்டடத்தின் உள்ளே கவனம் வைக்காமல் வருகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு கதை கொஞ்சம் விவகாரமானது. ‘அழிந்துபோன ஓர் இனத்தின் அருங்காட்சியகம்’ அமைக்க ஹிட்லர் திட்டமிட்டார், அதனால்தான் இந்தப் பகுதியை விட்டுவைத்தார் என்பார்கள். என் கைடும் சொன்னார், நானும் ஊருக்கு வந்து நாலு பேரிடம் சொன்னேன். அப்படி ஒரு திட்டத்துக்கு நாஜி ஆவணங்களில் ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். அருங்காட்சியகம் 1906இலேயே தொடங்கிவிட்டது. இடிபடும் ஜெப ஆலயங்களின் பொருள்களைக் காப்பாற்ற யூதர்களே தொடங்கியது. 1942இல், யூதர்களை நாஜிகள் முகாம்களுக்கு அனுப்பிய பின் செக் நாட்டின் பொஹீமிய, மொராவியப் பகுதி ஊர்களில் அநாதையாகக் கிடந்த பொருள்களைப் பிராகுக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம் என்ற யோசனையும் யூத சமூகத்தின் பக்கமிருந்தே போனது. நாஜி அலுவலகம் அனுமதித்தது. 150க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து திரைச்சீலைகள், வெள்ளிச் சாமான்கள், தோரா என்னும் யூத வேதத்தின் சுருள்கள் பெட்டி பெட்டியாக வந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதி எண் போட்ட யூதப் பணியாளர்களில் பெரும்பாலோர் பிறகு தாங்களும் முகாமுக்குப் போனார்கள். ஹிட்லர் கதையைச் சொன்னால் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். கைடு அந்த வசனத்தை எடுத்தால், ‘இது எந்த ஆவணத்தில் இருக்கிறது?’ என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல கைடாக இருந்தால் அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

பிங்காஸ் ஜெப ஆலயத்தில் பத்து நிமிடம் மட்டும் தரும் சுற்றுலாவில் சேராதீர்கள். உள்ளே சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேர். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிற வால்பேப்பர் போல இருக்கும். பலரும் அப்படிப் பார்த்துவிட்டு ஒரு போட்டோவோடு நகர்ந்துவிடுகிறார்கள். கிட்டே போய் ஒரே ஒரு வரியைப் படியுங்கள். குடும்பப் பெயர் சிவப்பில் ஒருமுறைதான் வரும். அடுத்து அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும், உயிரோடு இருந்ததாகத் தெரிந்த கடைசித் தேதியும். பல குடும்பங்களில் அந்தக் கடைசித் தேதி எல்லோருக்கும் ஒன்றேதான். ஒரே ரயிலில் ஏற்றப்பட்ட நாள் அது. பிறந்த தேதிகளைக் கழித்துப் பார்த்தேன். கடைக்குட்டிக்கு நாலு வயது. அதற்குமேல் கணக்குப் போடவில்லை.

இந்தப் பெயர்கள் இரண்டு முறை எழுதப்பட்டவை என்பதையும் கைடுகள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். 1950களில் கையால் எழுதினார்கள். நிலத்தடி நீர் ஊறி, 1968இல் கட்டடத்தை மூடினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை திறக்கவே இல்லை. எழுத்துகள் போயே போய்விட்டன. 1992 முதல் 1996 வரை உட்கார்ந்து மறுபடி முழுவதையும் எழுதினார்கள். மாடியில் டெரெசின் என்ற நாஜி முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1944இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்படும் முன் இரண்டு சூட்கேஸ்களில் விட்டுப்போன சுமார் 4,500 படங்களிலிருந்து எடுத்தவை. மாடிப்படி இருப்பதைக் கவனிக்காமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடாதீர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதைப் பார்த்து ‘பராமரிப்பே இல்லையே’ என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். விஷயம் அதுவல்ல. தோட்டத்தை விரிக்க யூதர்களுக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. புதைத்தவர்களைத் தோண்டி எடுக்க அவர்கள் மதத்தில் அனுமதி இல்லை. எனவே மேலே மண்ணைக் கொட்டி அடுத்த அடுக்கு. பழைய கல்லைப் பிடுங்கி மேலே நட்டு, பக்கத்தில் புதியவருக்கு ஒரு கல். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்குவரை போகிறது என்கிறார்கள். மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டினது, கடைசி அடக்கம் 1787இல். கற்கள் சுமார் 12,000. கீழே இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. எபிரேயம் தெரியாவிட்டாலும் படிக்கலாம். ஆசீர்வதிக்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் குருமார் வம்சம், குடம் இருந்தால் அந்தக் குருமாருக்குத் துணைநின்ற லேவியர் வம்சம். விலங்குகள் பெரும்பாலும் பெயரைக் குறிக்கும்: லோவ் என்றால் சிங்கம். கான்ஸ் என்றால் வாத்து. 1613இல் இறந்த டேவிட் கான்ஸின் கல்லில் ஒரு வாத்து நிற்கிறது. மனிதர் வானியல் அறிஞர், கெப்ளரோடு பழகியவர்.

சில நடைமுறைகள். நம்மூரில் சாமி முன்னால் தலையில் தொப்பி இருந்தால் கழற்றச் சொல்வார்கள், இங்கே நேர்மாறு. ஆண்கள் தலையை மூட வேண்டும். கிப்பா என்ற சிறு வட்டத் தொப்பி தருவார்கள், இல்லாவிட்டால் நம் தொப்பியே போதும். செருப்பைக் கழற்றக் குனிய வேண்டாம் (நான் குனிந்தேன்). கல்லறைக்குப் பூ வைப்பது அவர்கள் வழக்கம் இல்லை. சிறு கல் ஒன்றை வைப்பார்கள். அதையும் பக்கத்துக் கல்லறையிலிருந்து எடுத்து வைக்காதீர்கள். பையைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். அப்புறம், ‘இங்கே யூதர்கள் வாழ்ந்தார்கள்’ என்றே பேசிக்கொண்டு நடக்காதீர்கள். எதிரே வருகிறவர் நகர மன்றக் கட்டடத்தில் இருக்கும் சமூக அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

அரை நாள் டெரெசின் சுற்றுலாவையும் பலர் இதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். பிராகிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கே இரண்டு இடங்கள். சிறிய கோட்டை, நாஜி ரகசிய போலீஸான கெஸ்டாபோவின் சிறை. யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரே. ‘வேலை விடுதலை தரும்’ என்ற ஜெர்மன் வாசகம் சிறிய கோட்டையில் இருப்பதால் பேருந்துகள் அங்கே போய்ப் போட்டோ எடுக்கவைத்துவிட்டுத் திரும்பிவிடும். ஊருக்குள் போவார்களா, பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கும் கெட்டோ அருங்காட்சியகம் திட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

எழுத்தாளர் காஃப்காவின் கல்லறையைப் பழைய தோட்டத்தில் தேடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அங்கே அடக்கம் நின்று நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து இறந்தவர் அவர். 1890இல் திறந்த புதிய யூதக் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோருடன் இருக்கிறார். பச்சை நிற மெட்ரோவில் ஏறி ஷெலிவ்ஸ்கேஹோ நிலையத்தில் இறங்கினால் வாசல் பக்கத்திலேயே. நாஜிகளால் கொல்லப்பட்ட மூன்று தங்கைகளின் பெயர்களும் அந்தக் கல்லறையின் அடியில் ஒரு பலகையில் இருக்கின்றன, குனிந்து பாருங்கள். இந்தத் தோட்டமும் சனிக்கிழமை திறக்காது.